ஆர்டுயினோவுக்கு முன்னால் மல்ட்டிமீட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கலந்தாய்வு தொடங்கிவிட்டால் எந்தக் கல்லூரி நல்லது, எந்தப் பிரிவுக்கு வேலை உண்டு என்ற ஆலோசனைகளுக்கு நாளிதழ்களில் பஞ்சமே இருப்பதில்லை. இடம் கிடைத்துச் சேர்ந்த பிறகு அந்தப் பிள்ளை கையால் எதை முதலில் தொட வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கமிருந்து மின்னணுவியல், மின்னியல் பிரிவுகளில் சேரும் முதலாண்டு மாணவர்களுக்கும், அவர்களுடைய ஆய்வகங்களை நடத்துவோருக்கும் இதை எழுதுகிறோம்.

இப்போது நடப்பது இதுதான். முதல் செமஸ்டர் முடிவதற்குள் ஆன்லைனில் ஓர் ஆர்டுயினோ கிட் (புரோகிராம் ஏற்றி இயக்கும் சிறிய மின்னணுப் போர்டு) வந்து இறங்கும். படத்தில் உள்ளபடி வயரைச் சொருகி, எங்கோ கிடைத்த புரோகிராமை ஏற்றினால் விளக்கு எரியும். எரிந்தால் சந்தோஷம். எரியாவிட்டால் புரோகிராமையே மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டிருப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. கழன்ற வயரிலோ, படுத்துவிட்ட பேட்டரியிலோ, சேர்க்காமல் விட்ட கிரவுண்டிலோ (சப்ளையின் நெகட்டிவ் பக்கப் பொது இணைப்பு) இருக்கும். அதைத் தேடும் பழக்கம் முதல் வருடத்தில் வராவிட்டால், கடைசி வருடத்தில் கடையில் ரெடிமேட் புராஜெக்ட் வாங்குவதில்தான் போய் முடியும். ஆகவே முதலில் வாங்க வேண்டியது வோல்டேஜ், கரண்ட், தடை மூன்றையும் அளக்கும் மல்ட்டிமீட்டர், முதலில் கட்ட வேண்டியது பவர் சப்ளை, கற்க வேண்டிய முதல் வித்தை கோளாறு கண்டுபிடிப்பது. ஆர்டுயினோ இரண்டாம் செமஸ்டரில் வந்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடி830 வகை டிஜிட்டல் மீட்டரே போதும். ஆனால் அது எங்கே பொய் சொல்லும் என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு 9 வோல்ட் பேட்டரியில் இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து, ஒன்றின் குறுக்கே அளந்தால் 4.5 வோல்ட் காட்டும். அவற்றை எடுத்துவிட்டு இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களைப் போட்டு அளந்து பாருங்கள். கணக்குப்படி இப்போதும் 4.5 வர வேண்டும். மீட்டரோ 3 வோல்ட் அளவில் காட்டும். இந்த வகை மீட்டரின் உள்தடை 1 மெகா ஓம். அளக்கப்படும் ரெசிஸ்டருக்கு இணையாக அதுவும் சேர்வதால் அந்தப் பாதி 500 கிலோ ஓம் ஆகிவிடுகிறது, 9 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்குதான் அங்கே விழுகிறது. 10 மெகா ஓம் உள்தடை உள்ள நல்ல மீட்டர் அதே இடத்தில் 4.3 காட்டும். இணைத்தடையும் வோல்டேஜ் பிரிவதும் புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்கள். இந்தச் சோதனையில் இரண்டும் ஒன்றாகப் புரிந்துவிடும், மீட்டரை எவ்வளவு நம்பலாம் என்பதும் சேர்ந்தே பிடிபடும்.

இன்னும் மூன்று விஷயங்கள். கரண்ட் அளக்கச் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றியவர்கள், வேலை முடிந்ததும் திரும்ப வோல்ட் துளைக்கு மாற்றிவிட வேண்டும். மறந்துபோய் அடாப்டரின் இரு முனைகளிலும் வைத்தால் அது நேர் ஷார்ட். மலிவு மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸும் கிடையாது. மில்லி ஆம்பியர் பக்கம் ஃபியூஸ் இருக்கும். அது போயிருந்தால் மீட்டர் எப்போதும் பூஜ்யமே காட்டும், நன்றாக இருக்கும் சர்க்யூட் செத்துவிட்டதாகத் தோன்றும். மீட்டரின் சொந்த பேட்டரி இறங்கினால் வோல்டேஜைக் கூட்டிக் காட்டும். 5 வோல்ட் சப்ளை திடீரென்று 5.9 காட்டினால் சப்ளையைப் பிரிக்கும் முன் மீட்டர் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

வீட்டில் நியான் டெஸ்டர் வைத்துப் பழகிய கை ஒரு தவறான பாடத்தையும் கூடவே கொண்டுவருகிறது: ஒரே இடத்தைத் தொட்டு “இங்கே கரண்ட் வருதா” என்று பார்ப்பது. வோல்டேஜ் என்பது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம். கறுப்புக் கம்பியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் சிவப்பில் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. நம் பகுதியில் மின்னோட்டத்துக்கு ஆற்றை உவமை சொல்வது வழக்கம். கல்லணைக்கு வரும் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்தாலும் மொத்தம் மாறாது என்று கிர்க்காஃப் விதியை விளக்கலாம், அதுவரை சரி. ஆனால் கரை உடைந்தால் தண்ணீர் வெளியே ஓடும். வயர் அறுந்தால் மின்னோட்டம் எங்கும் கொட்டாது, அந்தச் சுற்று முழுவதும் நின்றுவிடும். அறுந்த இடத்துக்கு இந்தப் பக்கம் முழு வோல்டேஜ், அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. கறுப்பை கிரவுண்டில் நிலையாகக் கவ்வவிட்டு, சிவப்பை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போனால் அறுந்த இடம் தானாக அகப்படும்.

சாலிடர் இல்லாமல் பாகங்களைச் சொருகிச் சர்க்யூட் கட்டும் பிரெட்போர்டை 830 துளை உள்ளதாக வாங்கவும். அதன் ஓரத்தில் ஓடும் பவர் வரிசை சில போர்டுகளில் நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். மேல் பாதி வேலை செய்து கீழ்ப் பாதி செத்துக் கிடந்தால் காரணம் அதுதான். வாங்கியவுடன் மீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று காட்டும் நிலை) வைத்துப் பார்த்து, துண்டாக இருந்தால் இரண்டு சிறு வயர் போட்டுச் சேர்த்துவிடலாம். இணைப்புக்கு ஒற்றைக் கம்பி வயர்தான் வேண்டும். இன்டர்நெட் கேபிள் இழுப்பவர்களிடம் மிச்சமாகும் லேன் கேபிள் துண்டைக் கேட்டால் கொடுப்பார்கள். உள்ளே நிறம் நிறமாக எட்டு கம்பிகள், அளவும் துளைக்குப் பொருத்தம். கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். இரண்டு முறை மடக்கினால் இன்சுலேஷனுக்குள்ளேயே முறிந்து ஆளைக் குழப்பும். அதை வாங்காதீர்கள். தடித்த டையோடு காலையும் ரிலேயின் காலையும் போர்டில் அழுத்திச் சொருகினால் உள்ளே உள்ள கவ்வி அகன்றுவிடும், பிறகு அதே துளையில் மெல்லிய ரெசிஸ்டர் கால் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

பாகங்களாக 100, 330, 680 ஓம், 1, 2.2, 4.7, 10, 100 கிலோ ஓம், 1 மெகா ஓம் ஆகிய அளவுகளில் கால் வாட் ரெசிஸ்டர் பத்துப் பத்து, 104 என்று அச்சிட்ட செராமிக் கண்டன்சர் பத்து (10-க்குப் பின் நான்கு பூஜ்யம், அத்தனை பிக்கோ ஃபாரட், அதாவது 0.1 மைக்ரோ ஃபாரட்), 10, 100, 1000 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர்கள், 1என்4007 டையோடு பத்து, பிசி547 டிரான்சிஸ்டர் பத்து, 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர் ஐ.சி.) இரண்டு, 555 (டைமர் ஐ.சி.) இரண்டு, எல்இடிகள், ஒரு 5 வோல்ட் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்). இவ்வளவுதான். சென்னை ரிச்சி தெரு வரை போக வேண்டியதில்லை, பழுதுபார்ப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடை பக்கத்துப் பெரிய ஊரிலேயே இருக்கும். இதில் சில புகையும். புகைய வேண்டும் என்பதற்காகத்தான் பத்து.

பவர் சப்ளை விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். முதல் மூன்று மாதம் 230 வோல்ட் பக்கமே போக வேண்டாம். 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் ஒன்றும் 7805 ஒன்றும் போதும். எழுத்து உங்களைப் பார்த்து, கால்கள் கீழே இருந்தால் இடமிருந்து உள்ளீடு, கிரவுண்டு, வெளியீடு. உள்ளீட்டில் 0.33, வெளியீட்டில் 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக்கை ஐ.சி.யின் காலை ஒட்டியே போட வேண்டும். 0.33 கிடைக்காவிட்டால் மூன்று 104-ஐ இணையாக வைக்கலாம். இனி கணக்கு. 12 உள்ளே, 5 வெளியே என்றால் மீதி 7 வோல்ட்டை ஐ.சி. சூடாக்கித்தான் தள்ளும். 100 மில்லி ஆம்பியர் எடுத்தால் 0.7 வாட், தொட்டால் நன்றாகவே சுடும். அரை ஆம்பியர் எடுத்தால் 3.5 வாட், ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாமல் தாங்காது. அது எரியாது, உள்ளே உள்ள பாதுகாப்பு வெளியீட்டை இறக்கிவிடும். ஆறினால் திரும்ப வரும். “கொஞ்ச நேரம் ஓடுது சார், அப்புறம் நிக்குது, மறுபடி ஓடுது” என்று வரும் புகார்களில் பாதி இதுதான்.

பிறகு ஆய்வகத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருக்க, 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர், நான்கு டையோடு, 1000 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் வைத்துக் கட்டலாம். பலரும் “12 வோல்ட் தானே” என்று 16 வோல்ட் கண்டன்சரைப் போடுகிறார்கள். 12 என்பது ஏசியின் ஆர்எம்எஸ் (பயனுறு) அளவு. உச்சம் 1.414 மடங்கு, அதாவது 17. இரண்டு டையோடுகளில் 1.4 போனால் 15.6. சுமை இல்லாத சின்ன டிரான்ஸ்பார்மர் 12-க்குப் பதில் 14 கூடக் கொடுக்கும். அப்போது கண்டன்சரில் 18 வோல்ட்டுக்கு மேல். மேல்மூடி உப்பும், பின்பு வெடிக்கும். 25 வோல்ட் குறைந்தபட்சம், 35 என்றால் நிம்மதி. உடம்பில் பட்டை போட்ட பக்கம் எதிர்முனை. மாற்றிப் போட்டாலும் வெடிதான். முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது முகத்தை அதற்கு நேராக வைக்காதீர்கள்.

இதற்கு நேர் எதிரான கோளாறு நம் ஊருக்கே உரியது. மூன்று ஃபேஸ் வரும் நேரத்தில் பம்புசெட்டுகள் எல்லாம் ஒன்றாக ஓடினால், லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில் 230-க்குப் பதில் 180 இருக்கலாம். அப்போது டிரான்ஸ்பார்மரில் வருவது 9.4 வோல்ட், உச்சம் 13.3, டையோடு போக 11.9. அரை ஆம்பியர் சுமையில் 1000 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ஏறக்குறைய 5 வோல்ட் இறங்கும். பள்ளத்தில் நிற்பது 7 வோல்ட்டுக்கும் குறைவு. 7805-க்கு வெளியீட்டை விட 2 வோல்ட் அதிகம் வேண்டும் என்பதால் அந்தக் கணத்தில் 5 வோல்ட் சரியும், நொடிக்கு 100 தடவை. ஸ்பீக்கர் இருந்தால் உர்ரென்று உறுமும், மைக்ரோகன்ட்ரோலர் (ஆர்டுயினோவின் மூளையான சிப்) இருந்தால் காரணமே இல்லாமல் ரீசெட் ஆகும். மீட்டரில் சராசரி மட்டும் தெரிவதால் 4.9 என்று காட்டி ஏமாற்றும். கல்லூரியில் வேலை செய்தது வீட்டில் ஏன் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பிள்ளைகள் லைன் வோல்டேஜை அளப்பதே இல்லை. கண்டன்சரை 2200 ஆக்கினால் இறக்கம் 2.3 வோல்ட்டுக்கு வந்துவிடும், பிரச்சினை தீரும்.

டிரான்சிஸ்டரை ஸ்விட்சாக ஓட்டுவது அடுத்த படி. 5 வோல்ட் ரிலேயின் காயில் (கம்பிச் சுருள்) 70 ஓம் என்றால் ஏறக்குறைய 70 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஆர்டுயினோவின் ஒரு காலுக்கு 40 தான் உச்சவரம்பு, நிம்மதியான அளவு 20. நேரடியாக இணைத்தால் அந்தக் கால் போகும். நடுவில் பிசி547. தட்டையான முகம் நம்மைப் பார்த்தால் கலெக்டர், பேஸ், எமிட்டர். முழுதாகத் திறக்க, காயில் கரண்டில் 20-ல் ஒரு பங்கை பேஸில் கொடுங்கள்: 3.5 மில்லி ஆம்பியர். 5-லிருந்து 0.7 போக 4.3 வோல்ட்டை அதால் வகுத்தால் 1.2 கிலோ ஓம், கையில் இருக்கும் 1 கிலோ ஓமைப் போடலாம். காயிலின் குறுக்கே 1என்4007, அதன் கோடு போட்ட பக்கம் பாசிட்டிவை நோக்கி. அது இல்லாவிட்டால் ரிலே அணையும் ஒவ்வொரு முறையும் காயில் உதறும் உயர் வோல்டேஜ் டிரான்சிஸ்டரின் உயிரை எடுக்கும். முதல் தடவையே செத்தால் பாடம் புரிந்துவிடும். பத்து நாள் ஓடிவிட்டுச் சாவதால்தான் யாரும் டையோடைச் சந்தேகிப்பதில்லை.

வேலை செய்யவில்லையா? பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே அளந்து பாருங்கள். 0.65 முதல் 0.75 இருந்தால் பேஸ் பக்கம் சரி. பூஜ்யம் என்றால் சிக்னலே வரவில்லை அல்லது எமிட்டர் கிரவுண்டில் இல்லை. 5 வோல்ட் அளவில் காட்டினால் உள்ளே சந்தி அறுந்துவிட்டது. அடுத்து கலெக்டர். 0.2 சுற்று என்றால் முழுதாகத் திறந்திருக்கிறது, குறை ரிலேயில். 5 என்றால் திறக்கவே இல்லை. 2, 3 வோல்ட் என்றால் அரைகுறை: பேஸ் கரண்ட் போதவில்லை, டிரான்சிஸ்டர் சூடாகவும் இருக்கும். இந்த இரண்டு அளவுகளிலேயே பத்துக்கு எட்டு கோளாறுகள் அகப்பட்டுவிடும்.

டெல்டா மாணவர்கள் எல்லோரும் செய்யும் புராஜெக்ட் இரண்டு: மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் அளவு காட்டுவது, வயலில் மண் ஈரம் பார்ப்பது. இரண்டும் செய்முறை நாளன்று நன்றாக ஓடும், சில வாரத்தில் செத்துவிடும். காரணம் எலக்ட்ரானிக்ஸ் அல்ல, வேதியியல். தண்ணீருக்குள் இரண்டு செம்புக் கம்பியை விட்டு ஓயாமல் டிசி கொடுத்தால் பாசிட்டிவ் பக்கத்துக் கம்பி கரைந்து பச்சையாகப் பொடிந்துபோகும். வேதாரண்யம், நாகைப் பக்கத்து உப்புத் தண்ணீரில் இது இன்னும் வேகம். இரண்டு கவட்டை உள்ள மலிவு மண் ஈர சென்சாருக்கும் இதே கதிதான். கம்பிக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டு போடுங்கள். எந்நேரமும் மின்சாரம் கொடுக்காமல், அளக்கும் நொடியில் மட்டும் கொடுத்து நிறுத்துங்கள். மைக்ரோகன்ட்ரோலர் இருந்தால் ஒவ்வொரு முறையும் முனைகளை மாற்றிக் கொடுக்கலாம். மண்ணுக்கு, உலோகம் வெளியே தெரியாத கெப்பாசிட்டிவ் வகை நல்லது. அளவிலும் வித்தியாசம் உண்டு. நல்ல தண்ணீரில் கம்பிகளுக்கு இடையே தடை அதிகம், ஒற்றை டிரான்சிஸ்டர் சரியாகத் திறக்காது, இரண்டை டார்லிங்டனாக (ஒன்றின் எமிட்டர் அடுத்ததன் பேஸுக்குப் போகும்படி) கோக்க வேண்டியிருக்கும். உப்பு நீரில் தடை மிகவும் குறைந்துவிடுவதால் பேஸில் ரெசிஸ்டர் இல்லாமல் விட்டால் டிரான்சிஸ்டர் போய்விடும். உங்கள் ஊர்த் தண்ணீரை ஒரு தம்ளரில் எடுத்து அளந்துவிட்டு வரையுங்கள்.

சாலிடரிங்குக்கு 25 வாட் அயர்ன், ரோசின் (ஈயம் பரவி ஒட்ட உதவும் பிசின்) உள்ளே ஓடும் 60/40 ஈயக் கம்பி. 60 வாட் அயர்ன் போர்டின் செம்புத் தகட்டையே உரித்துவிடும். ஈயத்தை அயர்ன் நுனியில் உருக்கி எடுத்துவந்து தடவுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அதற்குள் ரோசின் புகையாகிப் போயிருக்கும், ஈயம் உருண்டையாக ஒட்டாமல் நிற்கும். நுனியைப் பாகத்தின் கால், போர்டின் தகடு இரண்டையும் சேர்த்துத் தொடும்படி 2 நொடி வைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து ஈயத்தைக் கொடுத்தால் தானாக ஓடிப் பரவும். ஆறும் வரை காலை அசைக்கக் கூடாது. கும்பகோணத்தில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் கையாளும் நவச்சாரமும், தகர வேலைக்கான ஆசிட் ஃபிளக்ஸும் இங்கே ஆகவே ஆகாது. மிச்சம் நின்று செம்பை அரித்துவிடும். வேலை முடிந்ததும் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

ஒரு கண்டிப்பு. கெட்டுப்போன எல்இடி பல்பைப் பிரித்து, கருப்புப் புள்ளி விழுந்த எல்இடியைத் தாண்டி இணைப்புக் கொடுத்துத் திரும்ப எரிய வைப்பது ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. அந்த பல்புகள் பலவற்றில் டிரான்ஸ்பார்மர் பிரிப்பு கிடையாது. எரியும்போது அந்த எல்இடி தகடு முழுவதும் 230 வோல்ட்டோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது. அணைத்த பிறகும் கண்டன்சரில் சார்ஜ் நிற்கலாம். முதலாண்டு மாணவர் இதைத் தொட வேண்டாம்.

ஆர்டுயினோவுக்கு வந்த பிறகு நினைவில் வைக்க இரண்டே இரண்டு. சதுர 9 வோல்ட் பேட்டரியில் சர்வோ மோட்டாரை ஓட்டாதீர்கள். கிளம்பும்போது அது இழுக்கும் கரண்டில் பேட்டரி படுத்து, போர்டு ரீசெட் ஆகும். மோட்டாருக்குத் தனி 5 வோல்ட் கொடுத்து, இரண்டு சப்ளையின் கிரவுண்டையும் சேர்த்துவிடுங்கள். 3.3 வோல்ட் ஈஎஸ்பி (வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலர்) போர்டில் 5 வோல்ட் அல்ட்ராசோனிக் சென்சாரின் எக்கோ காலை நேராகக் கொடுக்காமல் 1 கிலோ ஓமும் 2 கிலோ ஓமும் வைத்துப் பிரித்தால் 3.3 கிடைக்கும்.

கல்லூரிகளுக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்திலேயே முதலாண்டு பொறியியல் பயிற்சி ஆய்வகத்தில் சாலிடரிங் இருந்தது. குறை பாடத்திட்டத்தில் இல்லை. ஒருமுறை செய்து, ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் தீர்ந்தது என்பதுதான் குறை. 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை அளந்து “10.00” என்று எழுதிய நோட்டுக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறோம். 5 சதவீத ரெசிஸ்டர் 9.8 அல்லது 10.2 காட்டுவதே இயல்பு. எல்லா அளவும் கணக்கோடு அச்சாகப் பொருந்தினால் அந்த மாணவர் மீட்டரைத் தொடவில்லை என்றே பொருள்.

செங்கிப்பட்டி அரசு பொறியியல் கல்லூரி, பட்டுக்கோட்டை, திருக்குவளை உறுப்புக் கல்லூரிகள், சுற்றியுள்ள தனியார் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் எங்கள் யோசனை இது. செய்முறைத் தேர்வில் கால் பங்கு மதிப்பெண்ணைக் கோளாறு கண்டுபிடிப்பதற்கு ஒதுக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு 555 சர்க்யூட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 1 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 10 மைக்ரோ ஃபாரட், எல்இடி நொடிக்கு ஒரு முறை மின்னும். ஆசிரியர் அதில் ஒரு கோளாறை வைக்கட்டும். ஐ.சி.யின் 4-ஆம் காலை (ரீசெட்) கிரவுண்டுக்கு மாற்றலாம், 68-க்குப் பதில் 680 ஓம் போடலாம் (எல்இடி மின்னாமல் நிலையாக எரிவதுபோல் தெரியும்), உள்ளே முறிந்த வயரைச் சொருகலாம். மாணவரிடம் மீட்டரும் 15 நிமிடமும் மட்டும் கொடுங்கள். எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே என்ன அளந்தார், அதிலிருந்து எதை விலக்கினார் என்று வரிசையாக எழுதட்டும். கண்டுபிடிக்காவிட்டாலும் வரிசை சரியாக இருந்தால் மதிப்பெண் கொடுக்கலாம். இதைச் சொல்லிக்கொடுக்க மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் டிவி, யுபிஎஸ் பழுதுபார்ப்பவர்களை மாதம் ஒருமுறை மதிப்பூதியம் கொடுத்து அழைக்கலாம். பட்டம் இல்லாத அவர்கள் கையில் இந்த வித்தை எந்நாளும் புழங்குகிறது.

ஆய்வகத்தை வாரத்தில் இரண்டு நாளாவது மாலை வகுப்பு முடிந்த பிறகும் திறந்து வையுங்கள். கிராமத்துப் பிள்ளைகள் கல்லூரிப் பேருந்தை விட்டால் டவுன் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும் என்பதால், அந்த இரண்டு நாளும் ஒரு பேருந்தை 6.30 மணிக்கு எடுக்க நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
மின்னணுக் கருவிகள் பழுதுபார்க்கும், கற்பிக்கும் வாசகர்கள் சிலர்,
கும்பகோணம்